கட்டைவிரலில் பூநாரை

சனிக்கிழமை இரண்டாம் ஷிப்ட் முடிந்து
தடா தாண்டி ஆரம்பாக்கத்தில்
வேன் எங்களை உதிர்க்கும்போது மணி பதினொன்று.
சோறு அப்புறம்.
முதலில் அந்த பிஸ்கட் டப்பா.

பதினோரு புட்டிகள்.
சூளூர்பேட்டை பேன்சி கடையில்
மூன்று ஐம்பது ரூபாய் என்று சேர்ந்தவை.
அடியில் ஒட்டிய சீட்டில் ஒன்றுக்கு
ஏதோ ஓர் ஊரின் சாயங்காலம் என்று பேர்;
எங்களுக்கு அது கத்திரிக்காய்.
வெள்ளை கெட்டித் தயிராகிவிட்டது.
வெந்நீர் டம்ளரில் கழுத்தளவு நிறுத்தினால்
கொஞ்சம் மனசு இளகும்.

கம்பெனியில் நகத்துக்கு நிறம் கூடாது.
ஒரு செதில் உதிர்ந்து
போனின் கேமராக் கண்ணில் விழுந்தால்
அந்த லாட் முழுக்கத் திரும்பி வரும்.
ஆகவே திங்கள் விடியற்காலை ஐந்து வரை,
கணக்குப் போட்டால்
முப்பது மணி நேரம்.

இடதுகை ஐந்தும் அச்சில் வார்த்த மாதிரி வந்துவிடும்.
வலதுகைதான் வம்பு.
ஷிப்டுக்கு எண்ணூறு திருகு வைக்கிறவள் நான்,
என் இடதுகைக்கோ இன்னும் எழுதப் படிக்கத் தெரியாது.
மோதிரவிரலில் நிறம்
செக்போஸ்ட்டை உடைத்துக்கொண்டு போன லாரி மாதிரி
தோல் தாண்டி ஓடியது.

கொடு இங்கே என்று பெஞ்சலா என் கையைத்
தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.
தீர்ந்த ரீபிலின் முனையால் புள்ளி.
செல்லோ டேப் ஒட்டிப் பிய்த்தால் கோடு.
ஊதாதே, குமிழ் வரும் என்றாள்;
ஊதினேன், வந்தது.

கட்டைவிரலுக்கு என்ன?
ராஜஹம்ஸ என்றாள் அவள்.
பூநாரை என்றாள் மேரி ஸ்டெல்லா.
ஒருத்தி ஏரிக்கு வடகரை, ஒருத்தி பழவேற்காடு.
பறவை ஒன்றுதான்; சண்டை மூக்கு நுனிக்கு.
கறுப்பு என்பதில் இருவருக்கும் சம்மதம்,
எதுவரை கறுப்பு என்பதில் இல்லை.
கறுப்புப் புட்டியே இல்லை என்பது
அப்புறம்தான் நினைவு வந்தது.
கண்மை தொட்டு வைத்தோம்.

ரோஸ் உடம்பு, கேள்விக்குறிக் கழுத்து,
குண்டூசியால் இழுத்த ஒற்றைக் கால்.
இன்னொரு கால் எங்கே என்றேன்.
மடக்கி வைத்திருக்கிறது, தூங்குகிறது என்றார்கள்
ஒரே நேரத்தில், இரண்டு மொழியில்.

ஞாயிறு நான் வெங்காயம் உரிக்கவில்லை.
துணி ஊறியது ஊறியபடி.
கும்மிடிப்பூண்டிக்கு ஷேர் ஆட்டோவில்
கட்டைவிரல் வெளியே தெரியக் கம்பியைப் பிடித்தேன்.
வேலையொன்றும் இல்லை அங்கே.
அரைக்கிலோ தக்காளி வாங்கினேன்,
விரல் நீட்டி நீட்டிப் பேரம் பேசி.
தக்காளிக்காரர் பூநாரையைப் பார்த்தார்.
விலை குறைக்கவில்லை.

இரவு பத்தரைக்கு ரிமூவரைக் கவிழ்த்தால்
முப்பது நகத்துக்கு ஒரு சொட்டு.
கடைகள் அடைத்தாயிற்று.
ஸ்டெல்லா பற்பசை தேய்த்தாள்;
நகம் மணத்தது, அவ்வளவுதான்.
சென்ட் அடித்தோம். எலுமிச்சை பிழிந்தோம்.
கடைசியில் பெஞ்சலா சொன்னாள்:
பழசின்மேல் புதுசைப் பூசு,
காய்வதற்குள் துடை,
இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்துவிடும்.

எந்தப் புட்டியைப் பலி கொடுப்பது
என்பதில் அரைமணி போயிற்று.
கத்திரிக்காயைக் கொடுத்தோம்.
பூசித் துடைத்து, பூசித் துடைத்து,
பழைய துப்பட்டா முழுக்க
ஊதாவும் ரோஸும் வெள்ளையும் இழுபட்டுக் கிடந்தன.
விளக்கில் விரித்துப் பார்த்தோம்.
சீட்டில் இருந்த பேர் சரிதான்,
சாயங்காலம்.

திங்கள்.
விளக்கின் கீழ் விரல் விரித்துக் காட்டும் வரிசை.
கட்டைவிரல் ஓரத்தில், சதைக்குள் செருகிக்கொண்டு,
ரோஸாக ஒரு நூல்.
ஏமிட்டிதி என்றாள் சூப்பர்வைசர்.
கால் என்றேன், வாய் தவறி.
காலிந்தா? என்று அவளாகவே கேட்டுக்கொண்டாள்,
தெலுங்கில், சுட்டுக்கொண்டாயா என்று.
தலையாட்டினேன்.
விரலுறை ஒன்றைப் பிரித்து அவளே மாட்டிவிட்டாள்.
மருந்து போடு என்றாள்.

முதல் திருகை எடுத்தேன்.
உள்ளே அது
நின்றுகொண்டிருந்தது.