பத்தாம் சேனல்

கொருக்குப்பேட்டை கேட்டைக் கடைசி ரயில் தாண்டிய பிறகுதான்
திரையில் புல்லாய் முளைத்து நிற்கும் இரைச்சல்
கொஞ்சம் உட்காரும்.
அதுவரை எபிநேசர் அண்ணன் சுண்டல் தின்கிறார்.
நான் சாலிடர் விட்ட முனையைத் தேடுகிறேன்.

கல்லூரி கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை,
ஒரு மின்விசிறி, நாலாயிரம் ரூபாய்.
காந்தம் கேட்டோம். கொட்டேஷனைப் பார்த்த பிரின்சிபால்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காந்தம் இல்லாமல் என்ன அணுக்கரு ஒத்ததிர்வு?
கேட்காதவர் இல்லை. நியாயம்தான்.
ஸ்டான்லியில் அப்பாவின் முதுகைப் படமெடுத்தபோது
அந்தக் குகை பெல்ட் பக்கிளைப் பிடுங்கப் பார்த்தது.
சதைக்குள் இருக்கும் ஹைட்ரஜனுக்குத் திசை தெரியாது;
வெளியிலிருந்து ஒருவன் அதட்ட வேண்டும், இப்படி நில் என்று.

கோபால்ட் அப்படியில்லை.
ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவு,
மெழுகில் குழைத்துக் குழாயில் அடைத்திருக்கிறோம்.
வெளியே ஒரு குண்டூசியைக்கூட அசைக்காது.
உள்ளே ஒவ்வொரு கருவும்
ஆஸ்பத்திரிக் குகையைப்போல் பதினாலு மடங்கு புலத்தில் நிற்கிறது.
தன் எலெக்ட்ரான்களே கட்டிக்கொடுத்தது.
அதுவும் ஊர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ
அதற்கு நேர் எதிர்ப்பக்கமாக.

அந்தப் புலத்துக்கு ஓர் எண்:
இருநூற்றுப் பதிமூன்று மெகாஹெர்ட்ஸ்.
மிண்ட்டில் நூர்தீன் பாயின் காயலான் கடையில்
அது எடைக்குக் கிடந்தது,
ஏதோ கறுப்பு வெள்ளை டிவியின் ட்யூனராக.
"பத்தாம் சேனலா? அதுல எப்பவும் பூச்சிதாம்மா பறக்கும்.
இன்னாத்தப் பாக்கப் போற?"
நாற்பது ரூபாய்.

முதல் துடிப்பு. சற்று விட்டு இரண்டாவது.
பிறகு நாங்கள் எதுவும் செய்வதில்லை.
கலைந்து போனவை தாமாகத் திரும்பி
ஒரே கணத்தில் வாசலுக்கு வரவேண்டும்.
எதிரொலி என்று பெயர்.
எல்லாம் வராது. இடைவெளியை நீட்ட நீட்டக் குறையும்.

அந்தக் கம்பிச்சுருளைச் சுற்றியவள் லோகேஸ்வரி.
நாலு சுற்று என்று நோட்டில் இருக்கிறது.
பங்குனியில் அவள் தெருவையே லாரியில் ஏற்றி
பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள்.
ஒரு வாரம் மூன்று பஸ் மாறி வந்தாள்.
அப்புறம் செவ்வாயும் வெள்ளியும்.

ஒன்று இருபதுக்கு ஒரு மேடு.
"மணலில எவனாச்சும் எதுனா ஆன் பண்ணிட்டானா?" என்றார் அண்ணன்.
ட்யூனரைத் தள்ளினேன், போனது. திருப்பினேன், வந்தது.
குழாயை உருவினேன். புல்.
செருகினேன்.
சுண்டல் காகிதம் தரையில் விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம்.
ராயபுரம் மாவுமில்லில் ஆணி பொறுக்கும் காந்தக் கட்டைகள் இரண்டை
அண்ணன் இரவல் வாங்கி வைத்திருந்தார்.
குழாயின் இருபுறமும் வைத்தோம், மேடு மலையாகும் என்று.
இளைத்தது. எண்ணும் கொஞ்சம் இறங்கியது.

உரக்கப் பேசிக்கொண்டிருந்தவை எல்லைச் சுவரில் இருந்தவை.
ஒரு பேட்டையின் திசை முடிந்து
அடுத்த பேட்டையின் திசை தொடங்காத இடம்;
அங்கே ஒவ்வொன்றும் பக்கத்ததைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கும்.
சின்னத் தட்டுக்கே சுவர் நெளியும்,
நெளிந்தால் எங்களுக்குக் கேட்கும்.
மாவுமில் காந்தம் சுவரை இடித்துவிட்டது.
எல்லாம் ஒரே பக்கம், ஒரே மாதிரி,
காதுகொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கட்டைகளை எடுத்தோம். மேடு எழுந்தது,
முதலில் இருந்த உயரத்துக்கு இல்லை.
அண்ணன் அவற்றை ஆளுக்கொரு மூலையில்
பழைய துண்டில் சுற்றி வைத்தார், பாம்பை வைப்பதுபோல்.

திரையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.
மணி இரண்டே கால். தூங்கியிருப்பாள்.
உடனே பதில்:
"கா, நாலா அஞ்சா சுத்துனேன்? டவுட்டா இருக்கு."

டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி எண்ணினேன்.
அஞ்சு.
நோட்டில் அடித்துத் திருத்தினேன்.