நான்காம் கேள்வி

ரொண்டோனியாவின் மண் சாலை முடியும் இடத்தில்
இரவுப் பள்ளி. இருபத்தொரு விடைத்தாள்கள்.
ஜெனரேட்டர் நிற்பதற்குள் திருத்தி முடிக்க வேண்டும்.
பாடத்தில் ஒரு கவிதை, மரங்களைப் பற்றி,
எங்கோ கடலோர நகரத்தில் அச்சாகி
லாரியில் வந்தது.
அதே லாரி திரும்பும்போது பலகை ஏற்றிப் போகும்.

ஒன்று: மரம் அழுதது என்பது என்ன அணி?
தற்குறிப்பேற்றம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்,
கரும்பலகையில் நான் எழுதிப் போட்டதுதான்.
ஒஸ்மரீனோ மட்டும்:
'அணி இல்லை டீச்சர்.
கொப்பாயீபாவில் ரம்பம் இறங்கினால் எண்ணெய் பீய்ச்சும்.
முழங்கை வரை நனையும்.
அந்தச் சட்டையை ஜூசாரா தனியாகத் துவைப்பாள்.'

அரை மதிப்பெண் போட்டேன்.
பிறகு முழுதாக்கினேன்.

இரண்டு: கோடரி எதைக் குறிக்கிறது?
'கோடரி இங்கே யாரிடமும் இல்லை.
கவிஞருக்கு யாராவது சொல்ல வேண்டும்.'

மூன்று: காடழிவதன் தீமைகள் மூன்று எழுதுக.
மழை, மண், பறவை.
இருபது தாளிலும் ஒரே வரிசை,
ஒன்பதில் ஒரே எழுத்துப்பிழை.
அவன் ஒன்றுதான் எழுதியிருக்கிறான், பக்கம் முழுக்க:
'காஸ்தானியாவை வெட்டக் கூடாது, சட்டம்.
வெட்டவில்லை.
சுற்றியிருந்த எல்லாவற்றையும் வெட்டினோம்.
மேய்ச்சல் நிலத்தின் நடுவில் அது நிற்கிறது.
பூக்கிறது.
தேனீ அவ்வளவு தூரம் வெயிலில் வருவதில்லை.
ஏழு வருடமாக ஒரு காய் விழவில்லை.
மாடுகள் அடியில் படுத்திருக்கும். நல்ல நிழல்.'

இதற்கு மூன்றில் எத்தனை?
விடைக்குறிப்பில் மாடு இல்லை.

நான்கு: 'மரம் விழுந்தது.' எழுவாய் எது?
விழுந்த ஒன்றிடம் போய்
எழுவாய் கேட்கிறது பாடநூல்.
மரம், மரம், மரம் என்று
சரி போட்டுக்கொண்டே வந்த கை
அவன் தாளில் நின்றது.
'மரம்' என்று எழுதி அடித்திருக்கிறான்.
'நான்' என்று எழுதி அடித்திருக்கிறான்.
'முதலாளி.' அதையும்.
மறுபடி ஏதோ எழுதி, அழுத்தி அழித்து,
அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

கிழிசல் வழியே என் மேஜை தெரிகிறது.
இப்பே பலகை, நெருக்கமான ரேகை,
போன ஆண்டு மர ஆலை பள்ளிக்குத் தந்தது.
நன்றிக் கடிதம் நான்தான் எழுதினேன்,
பிழையில்லாமல்.

நாளை ஆறு மணிக்கு வருவான்.
வலப்பக்கம் நின்று பேச வேண்டும்,
இடது காது ரம்பத்துக்குப் போய்விட்டது.
மதிப்பெண் என்ன என்று கேட்பான்.
மொத்தம் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது.
ஜெனரேட்டர் இருமத் தொடங்குகிறது.