பன்னிரண்டில் ஏழு

எஸ்தர் பொற்கொடி எனக்குத் தர வேண்டியது
நூற்று அறுபத்திரண்டு ரூபாய்.
தேக்குச் சட்டம், கண்ணாடி, ஆணி சேர்த்து,
எழுபத்தொன்பதாம் வருஷக் கணக்கு.
அவள் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி
சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள்.
லாங்கு பஜாரில் பிரேம் போடுகிறவனுக்கு
அங்குலம்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறந்தது சத்துவாச்சாரி.
அப்பாவுக்கு ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி.
இவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் வரைகிற உத்தியோகம்:
அறுத்துத் திறந்த முழங்கை,
சிரை நீலம், தமனி சிவப்பு,
ஒரு நூல் பிசகாமல்.
சாயங்காலம் ஐந்தரைக்குக் கை கழுவிவிட்டுப்
பிசக ஆரம்பிப்பாள்.

கோட்டை அகழியை உருவி
ஈரத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு
ஒருவன் காட்பாடியில் ரயிலேறுவான்.
ரயிலுக்கு விரல்கள் இருக்கும்,
கரிகிரியில் அவள் வரைந்துகொண்டுவந்த கைகளைப் போல
இரண்டு விரல் மடங்கியே.

அச்சு மெஷினுக்குக் காசில்லை.
பஸ் ஸ்டாண்டில் ஏலத்துக்கு வந்த கரும்புச் சாறு மெஷினை
மண்டித் தெரு வழியாக நான்தான் தள்ளிவந்தேன்.
உருளையின் வரிகளை லேத்தில் கடைந்து வழித்து,
துத்தநாகத் தகடு, ஈரக் காகிதம்,
மேலே அப்பாவின் பழைய கம்பளி.
சக்கரத்தைச் சுற்றினால்
சக்கை மாதிரி வெளியே வரும் காகிதம்,
சாறு அதிலேயே இருக்கும்.

எத்தனை மண்ணெண்ணெய் ஊற்றியும்
பேரிங்கில் தித்திப்பு போகவில்லை.
முதல் பிரதியிலேயே எறும்பு. ஒன்று
மையில் ஒட்டி அங்கேயே செத்தது.
அவள் அதைத் தட்டிவிடவில்லை.
அடுத்த தகட்டில் ஊசியால் கீறி
அதற்கு ஆறு கால் கொடுத்தாள்,
அதன் பின்னால் ஒரு வரிசையும்.

மெட்ராஸ் காட்சியில் ஒரு விமர்சகர்
குனிந்து பார்த்துச் சொன்னார்:
'எறும்பு! ஸ்பெயின்காரர்களிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள்.'
'இல்லை சார், பஸ் ஸ்டாண்டிலிருந்து.'
பத்திரிகையில் வந்தது:
வேலூரில் விழுந்த ஸ்பானிய நிழல்.
அதைக் கத்தரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.
'கலீம், ஸ்பெயின் எந்தப் பக்கம்?'
நான் தொழுகிற திசையில்
நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் வருமென்றேன்.
அடுத்த மாதம் தகட்டில் ஒரு காளை.
இதுவும் அங்கிருந்தா என்று கேட்டேன்.
அணைக்கட்டில் போன வாரம் விட்ட காளை,
என் சித்தப்பாவை முட்டியது என்றாள்.

தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்.
ஊர்ச் சொலவடை இது.
'இங்கே பிறந்தவளுக்குத் தனியாகக் கனவு வேறயா?'
என்று சிரித்தவள், அந்தக் காலிக் கருவறையை வரைந்தாள்.
உள்ளே வெறும் சட்டம் ஒன்று தொங்கும்.
நாலு மூலையும் நான் அறுக்கிற அறுப்பு,
கீழ் வலதில் என் ரம்பம் தடுமாறிய பிசிறு உட்பட.
பன்னிரண்டு பிரதி. ஏழாவது என்னிடம்.

எண்பத்தொன்றில் சாமி திரும்பியது,
இவள் பிறந்த சத்துவாச்சாரியிலிருந்துதான்.
ஊரெல்லாம் கோட்டைக்குள் நெரிந்த அன்று
அவள் வீட்டில் உட்கார்ந்து
தகட்டின் குறுக்கே ஆணியால் ஒரு கோடு இழுத்தாள்.
இனி அச்சு கிடையாது.
கோபமா என்றேன்.
'இடத்துக்கு ஆள் வந்துட்டாங்க' என்றாள்,
வாடகை வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்கப்புறம் பதினேழு வருஷம் இருந்தாள்.
ஆசிட் புகையில் இருமல். கண்காட்சி நாலு. விற்றது சொற்பம்.
ஆஸ்பத்திரிப் புத்தகங்களில் முழங்கை மட்டும்
பெயரில்லாமல் இன்னும் படிக்கப்படுகிறது.

பாலாற்றில் வெள்ளம் வந்த கார்த்திகையில்
பாலத்தில் நின்று எல்லாரும் போன் நீட்டிப் படம் எடுத்தார்கள்.
சொலவடையில் இன்னொன்றும் போச்சு என்று
கடைக்கு வந்து அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
ஏழாவது பிரதியின் கண்ணாடிக்குள்
எந்த இடுக்கு வழியாகவோ
ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.
என் பிரேம் அப்படி விடாது.
சென்னைப் பெண்ணே, அந்த நூற்று அறுபத்திரண்டை
எழுதும்போது விட்டுவிடாதே.