எழுபத்தொன்றில் ஒரு ரொட்டிப் பெட்டி

வியன்னாவில் யாராவது செத்துப்போனால்
எழுபத்தொன்றில் ஏறிவிட்டார் என்பார்கள்.
அந்த டிராமை ஓட்டுகிறவன் நான்.
என்னிடம் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர்
மாலையில் திரும்பியும் வருகிறார்கள்,
காலிப் பூவாளியோடு.

செப்டம்பரில் ஒரு வியாழன்
ரோஸ்விதா பொக்கோர்னி கையில் பூவாளி இல்லை.
மடியில் தகர ரொட்டிப் பெட்டி,
மூடியில் ஆணி குத்திய பதினோரு துளைகள்.
உள்ளே எதுவோ தகரத்தைச் சுரண்டியது.
ரென்வெக் வரும்வரை
பாதையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன்.

'அல்ஃபோன்ஸின் மெழுகுவத்தியைத்
தினமும் தின்றவன் இவன்தான்' என்றார்.
கல்லறை வளையிலிருந்து எழுந்து நின்றதாம்,
கன்னம் இரண்டிலும் மெழுகை அதக்கிக்கொண்டு
எதையோ சொல்ல வந்து
வாய் திறக்க முடியாதவனைப் போல.

வெள்ளெலி என்று பெயர்.
வயிறோ அடுப்புக் கரி.

ஓட்டுநரோடு பேசாதீர் என்ற பலகைக்கு
நேர் கீழே உட்கார்ந்து
வாரா வாரம் எனக்குச் செய்தி சொன்னார்.

முதல் வியாழன்: கட்டைவிரலில் கட்டு.
'பயம் அதற்கு. பழகிவிடும்.'

அடுத்தது: சக்கரம் வாங்கி வைத்தாராம், பச்சை நிறம்.
அதைத் தொடவே இல்லை.
சோபாவின் வயிற்றைத்தான் கிழித்தது.
'பழகிவிடும்.'

(நீஷிலிருந்து வந்த புதிதில்
டிப்போ மேலாளர் என்னைப் பார்த்து
வேறு யாரிடமோ சொன்ன சொல் அது.
நானும் ஓரிருவரைக் கடித்திருக்கிறேன்.)

மூன்றாவது வியாழன்
அடுப்புக்குப் பின்னால் கண்டெடுத்தவை:
நாற்பது நூடுல்ஸ் துண்டு,
ஒரு கைப்பிடி கோதுமை,
காதில் வைக்கும் கருவி,
அல்ஃபோன்ஸ் சட்டையின் பொத்தான் ஒன்று.
எந்தச் சட்டை என்று யோசித்தபடியே
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டார்.

பிறகு மருத்துவரிடம் போனார்.
வாசலிலேயே கையை விரித்தாராம் அந்த மனிதர்:
சட்டப்படி இதைப் பிடித்ததே குற்றம்.
தன் இனத்தோடுகூட ஒட்டாத பிராணி இது,
ஒரே வளையில் இரண்டு இருந்தால் ரத்தம்தான்.
இது வீட்டு விலங்கு இல்லை, அம்மா,
வீட்டில் மாட்டிக்கொண்ட விலங்கு.
குளிர் வந்தால் ஆறு மாதம் தூங்க வேண்டும்.
உங்கள் வீட்டில் எங்கே குளிர்?

அன்றிரவே ஹீட்டரை நிறுத்தினார்.
ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தார்.
கோட்டோடும் கையுறையோடும் கட்டிலில் படுத்து
இருட்டில் காத்திருந்தார், அது தூங்கட்டும் என்று.
அது தூங்கவில்லை.
கீழ்வீட்டுக்காரர் தரைக்குக் கீழிருந்து
துடைப்பக் கம்பால் இடித்தார்.
விடிய விடிய
தரையைத் தோண்டிக்கொண்டே இருந்ததாம்,
மூன்றாம் மாடி என்று அதற்கு யார் சொல்வது?

அக்டோபர் ஒன்பது. மழை.
ரொட்டிப் பெட்டி மறுபடி ஏறியது.
கூடவே ஒரு துணிப்பை:
கோதுமை, வால்நட், அந்த நூடுல்ஸ்.
'அதன் சேமிப்பு. நான் வைத்துக்கொண்டால்
திருட்டு இல்லையா?'
பொத்தானைப் பற்றி நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாசலில் இறங்கினார்.
அடுத்த சுற்றில் அதே இடத்தில் நின்றிருந்தார்,
முழங்காலில் மண்,
வலது உள்ளங்கையில் புதிதாக இரண்டு பல்.
'போகும்போது கடித்துவிட்டுப் போனது, பாருங்கள்'
என்று விரித்துக் காட்டினார்
பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளையாக.

டிராமில் ஆளில்லை.
கண்ணாடியில் மழை வழிந்தது.
'இனி ஹீட்டரைப் போடலாமே' என்றேன்.

கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டினார்.
'வேண்டாம். பழகிவிட்டது.'