மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்

குழுவில் நான் சி-407.
அவர் சி-507.
என் கொடியில் காயும் வெள்ளைச் சுடிதாருக்கு
நேர் மேலே அவர் பால்கனி,
பால்கனியில் கம்பு,
கம்புக்குப் புறாக்கள்.
மீதியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்
தேதி வாரியாக.

வாயில்லா ஜீவன் என்று ஒருமுறை எழுதினார்.
வாய் இருக்கிறது, வயிறும் இருக்கிறது,
அதற்குக் கீழே என் வீடும் இருக்கிறது என்று நான்.
இருபத்தொரு பேர் சிரித்தார்கள்,
மஞ்சள் முகத்தில் கண்ணீர் தெறிக்க.
இரவு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள்
எண்ணிப் பார்த்தேன்.
இருபத்து மூன்று.

எங்களுக்கு எல்லாம் அதில்தான்.
டேங்கர் வந்தது, வரவில்லை, பாதி வந்தது.
படிக்கட்டில் கிடக்கும் ஹெல்மெட் யாருடையது.
குக்கர் விற்பனைக்கு, விசில் மட்டும் இல்லை.
பி-210இன் மாமனார் காலமானபோது
கூப்பிய கைகள் நூற்று நாற்பது,
நடுவில் ஒரு கட்டைவிரல்,
யாரோ கண்ணாடி போடாமல் அழுத்தியது.

ஹூடியில் அன்று ஆலங்கட்டி மழை.
கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டருக்கு டீசல் யார் காசில் என்பதை
நாற்பத்தேழு செய்திகள் பேசியும் முடியாமல்
ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்திருந்தோம்.
லிஃப்ட்
மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நின்றது.

உள்ளே நானும், நனைந்த ஒருவரும்.
ஐம்பத்தைந்து இருக்கும். கையில் துணிப்பை.
ஒன்றும் ஆகாது என்றார், கன்னடத்தில்.
வந்துவிடும் என்றேன், என் கன்னடத்தில்.
பிறகு அவரவர் ஃபோனைத் திறந்தோம்,
அதுதான் கதவு என்பதுபோல.

ஒரே ஒரு கோடு சிக்னல்.
அவர் தட்டினார்.
என் கையில் அதிர்ந்தது.
சி-507: லிஃப்டில் இருவர் மாட்டிக்கொண்டோம், தயவுசெய்து.

நான் நிமிரவில்லை.
ஃபோனை வயிற்றோடு கவிழ்த்துக்கொண்டேன்.
துணிப்பையிலிருந்து வந்தது
ஈரம் பட்ட கம்பின் வாசம்.

எந்த ஃப்ளாட் என்றார்.
நாலாவது மாடி என்றேன்.
நாலாவதில் ஒரு அம்மா இருக்கிறார், என்றார்,
எழுத்தில் மிளகாய்.
என் மகள் டப்ளினில் இருக்கிறாள்,
அந்த அம்மா இன்றைக்கு என்ன எழுதினார் என்றுதான்
பேச்சையே ஆரம்பிப்பாள்.
அவர் எழுதாத வாரம்
எங்களுக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை.
சொல்லிவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து நிமிடம்.
கூப்பிய கைகள் வந்தன.
பத்திரம் என்றது ஏ-102.
டீசல் பற்றி நான் அன்றே சொன்னேன் என்றது பி-305.
ஒருவர் லிஃப்ட் கம்பெனியின் எண்ணைப் போட,
இன்னொருவர் அது பழைய எண் என்றார்.
அதற்கும் ஒரு கட்டைவிரல்.
வீட்டை விட்டு யாரும்
ஒரு படி இறங்கியதாகத் தெரியவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிக் கதவில் அடித்தார்.
நானும் கழற்றினேன்.
இருவரும் அடித்தோம். தாளம் சேரவில்லை.

சாவியோடு வந்தது திகந்த போரா.
வாட்ச்மேன். குழுவில் இல்லாதவன்.
சேர்க்கலாமா என்று போன வருடம் ஓட்டெடுத்து
வேண்டாம் என்றோம்.
நானும் வேண்டாம்.
அவனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.
இடுக்கில் முதலில் டார்ச் வந்தது,
பிறகு கை.
குதியுங்க மேடம், நான் இருக்கேன் என்றான், ஹிந்தியில்.

மறுநாள் சுடிதாரின் தோளில்
புதிதாய் ஒன்று, சுண்ணாம்பும் பச்சையுமாய்.
படம் எடுத்தேன்.
டப்ளினில் இன்னும் விடிந்திருக்காது.
எழுதினேன், அழித்தேன்.
நேற்றையதைவிட நன்றாக இருக்கவேண்டும்.
பல் தேய்த்துக்கொண்டே
இன்னும் கொஞ்சம் யோசித்தேன்.