மீதம் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்

ஓ.சிறுவயல் விலக்கில் இறங்கி
செம்மண் தடத்தில் முக்கால் மணி நேரம்.
தைலமரங்கள் நின்றபடியே செத்திருக்கின்றன.
ஒரு மில்லிமீட்டர் குளவி.
இலைக்காம்பில் முட்டையிட்டுக்
கொப்புளம் கொப்புளமாய் வீங்க வைத்தது.
அதற்கு மூன்றாண்டுப் பணம் இருந்தது.
ஜீப் இருந்தது. நுண்ணோக்கி வந்தது.
டெல்லியிலிருந்து இரண்டு பேர் வந்து
கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்,
காரைக்குடி மெஸ்ஸில் வாழையிலையைப்
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு குளவி போய்விட்டது.
இலையே இல்லாத தோப்பில்
அதற்கு மட்டும் என்ன வேலை?
திட்டமும் கூடவே போனது.

குளவி திறந்துவிட்ட வெயில் போகவில்லை.
நேரே தரைக்கு வந்தது.
சின்னான் குருவி எச்சமிட்ட கிளைக்கடியில் எல்லாம்
உண்ணிச்செடி.
முதல் மழைக்கு நாலு இலை,
அடுத்த தீபாவளிக்குள் இடுப்புயரம்.
வந்தேறி மரத்தை
வந்தேறிப் பூச்சி தின்ன
வந்தேறிச் செடி முளைக்கிறது.
இதில் மண் மட்டும்தான் உள்ளூர்.

எழுதினேன்.
'பூச்சித் தாக்குதலுக்குப் பிந்தைய
அயல் தாவரப் பரவல்: ஐந்தாண்டுக் கண்காணிப்பு.'
வனத்துறை சொன்னது, இது வேளாண்மை.
வேளாண்மை சொன்னது, இது வனம்.
மூன்றாவது ஓர் அலுவலகம் கேட்டது:
பூச்சி இப்போது இருக்கிறதா?
இல்லை.
அப்படியானால் அவசரம் இல்லை.

பூச்சிக்குப் பதினெட்டு லட்சம்.
பூச்சி போனபின் வந்ததற்குப்
பூச்சியம்.
இந்தச் சிலேடை என்னுடையது அல்ல.
மொழி முன்பே செய்து வைத்திருந்தது.

கானாடுகாத்தானில் ஓர் அறக்கட்டளை என்றார்கள்.
செயலாளர் மெ. நாச்சியப்பன்
பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்தபடி கேட்டார்:
"வெளியூர்ச் செடி வந்தா என்னம்மா தப்பு?"
தூணைப் பார்த்தேன். பதில் வரவில்லை.
"சரி, எத்தனை புள்ளி?"
கோயில் வரிக்குக்
கல்யாணமான ஆளைப் புள்ளி என்று எண்ணுகிற ஊர்.
"அறுபது கட்டம். கட்டத்துக்கு இருபத்தஞ்சு புள்ளி."
சிரித்துக்கொண்டே குறித்தார்.
"எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுருவியா?"
"இல்லைங்க. எண்ணணும்."
பேனாவை மூடினார்.
"புடுங்குறதுன்னா நாளைக்கே ஜேசிபி அனுப்புறேன்.
எண்ணுறதுக்கு யாரும்மா காசு கொடுப்பா?"

அனுப்பவும் செய்தார். நல்ல மனிதர்.
மேற்கே இரண்டு ஏக்கர், ஒரே பகலில்.
கிளறிப்போட்ட மண்ணில் இப்போது
முன்னைவிட அடர்த்தி என்று நினைக்கிறேன்.
நினைக்கிறேன்.
முன்னை எவ்வளவு என்பது
யாரிடமும் இல்லை.

பழைய திட்டத்தில் மீதம் இருநூற்றுப் பன்னிரண்டு.
திருப்பி அனுப்பச் சொல்லி மூன்று நினைவூட்டல்.
மூன்றும் விரைவு அஞ்சல்.
வரைவோலைக்கு வங்கி ஐம்பத்தொன்பது பிடித்தது.
அது என் காசு.

போன ஞாயிறும் போனேன்.
நைலான் கயிறு, நாலு முளைக்குச்சி,
ரேசன் கடை நாட்குறிப்பு.
ஏழாம் கட்டத்துக்குள்
விறகுக்காகப் பஞ்சவர்ணம் அரிவாளோடு நின்றாள்.
"இது உங்க எடமா? தெரியாம முப்பது தூரு வெட்டிட்டேன்."
"முப்பதா?"
"கட்டும்போது எண்ணுவேன்ல. ஒரு சுமைக்கு முப்பது.
இன்னொண்ணு கையைக் கிழிச்சிருச்சு,
சனியனேன்னு விட்டுட்டேன்."
விரலைச் சப்பிக்கொண்டே காட்டினாள்.

எழுதினேன்.
கட்டம் ஏழு. வெட்டியது முப்பது. எண்ணியவர் பஞ்சவர்ணம்.
நிதி ஆதாரம் என்ற வரியில்
பேருந்துச் சீட்டைக் குத்திவைத்தேன்.
நிற்பது ஒன்று.
அதில் பழம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.