கிழிசல் வழி

பீன்ஸ் விதைத்த ஆறாம் நாள்
விதையிலைகள் இரண்டிரண்டாய் விரிந்து
இன்னும் பச்சை என்று சொல்ல முடியாத ஒரு பச்சையில்
நின்றிருந்தன.
ஏழாம் நாள் காலை
வெறும் காம்புகள்.
வரிசை மாறாமல், ஒழுங்காக,
யாரோ கத்தரிக்கோலோடு
உட்கார்ந்து வேலை பார்த்ததுபோல.

இராயக்கோட்டையில் புறாவுக்கு மூன்று முகவரி:
மலைக்கோட்டையின் உடைந்த மதில்,
ரயில்வே ஸ்டேஷன் கூரை,
தஸ்தகீர் பாயின் மொட்டைமாடி.
முதல் இரண்டோடு சண்டை போட ஆளில்லை.
மூன்றாவதோடு போட்டேன்.
"என் புறாக்கள் கம்பு தின்று வளர்ந்தவை,
பச்சையைத் தொடாது அக்கா" என்றார்
பஞ்சர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே.
குமிழிகள் வேறு சொல்லின.

மறுபடி விதை.
ஓசூர் ஷிப்ட் முடிந்து வந்த முனிராஜ்
பீரோவைத் துழாவி
எங்கள் கல்யாண சிடி மூன்றையும் எடுத்தார்.
பார்க்கிற பெட்டி செத்துப் பல வருஷம்.
நூலில் கட்டித் தொங்கவிட்டோம்.
முகூர்த்தம் வரப்பு ஓரம்,
வரவேற்பு வேப்பமரத்தில்,
சாப்பாட்டுப் பந்தி கிணற்றுப் பக்கம்.
சுழன்று சுழன்று மின்னின.
இரண்டு நாள் பயந்தன புறாக்கள்.
மூன்றாம் நாள்
பந்திக்கு வந்து உட்கார்ந்துவிட்டன.

மூன்றாவது விதையோடு வலையும் வாங்கினேன்,
பாதி பணம், பாதி கடன்.
மூங்கில் நட்டு இழுத்துக் கட்டிய
அன்றிரவுதான் முழுசாகத் தூங்கினேன்.

விடிகாலையில்
வலை தானே எழுந்து எழுந்து விழுந்தது.
வல்லூறு.
எதையோ துரத்தி வந்த வேகத்தில்
கண்ணுக்குத் தெரியாத நைலானைப் பற்றி
யாரும் அதற்குச் சொல்லவில்லை.
ஒரு சிறகு மேலே, ஒரு கால் உள்ளே.
மஞ்சள் கண்ணில் பயமே இல்லை,
கியூவில் யாரோ குறுக்கே வந்ததுபோல் ஒரு எரிச்சல்.
போன மாசம் என் கோழிக்குஞ்சு நான்கைத்
தூக்கிப் போனது இதுவாக இருக்கலாம்.
இதன் அண்ணனாகவும் இருக்கலாம்.

முந்தானையை அதன் தலைமேல் போட்டேன்.
இருட்டியதும் அடங்கியது.
துணிக்குள் அதன் நெஞ்சு மட்டும்
என் உள்ளங்கையில் ஓடிக்கொண்டே இருந்தது.
அரிவாளால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன்.
கடைசிக் கண்ணி விட்டதும்
என் கட்டைவிரலில் ஒரு நகத்தைப் பதித்து,
நன்றி கின்றி எதுவும் இல்லாமல்
மலைப் பக்கம் போயிற்று.

வலையில் ஒரு முறம் அளவு ஓட்டை.
வீட்டில் ஊசி இருந்தது, நரம்பு இருந்தது.
விரல் வீங்கியிருக்கிறது என்று முனிராஜிடம் சொன்னேன்.
அது முழுப் பொய் இல்லை.

எட்டாம் நாள்
ஓட்டைக்கு நேர் கீழே
சாம்பல் இறகுகள், ஒரு தாம்பாளம் அளவு.
சிவந்த கால் ஒன்று.
காலில் நீல வளையம், எண் 93.
கிழிந்து கிடந்த இரைப்பையில்
கசங்காத விதையிலைகள்,
இப்போதுதான் கிள்ளியதுபோல்,
இருபதாவது இருக்கும்.
காலாலேயே மண்ணைத் தள்ளி மூடினேன்.

மாலையில் வரப்பில் வந்து நின்றார் தஸ்தகீர் பாய்.
கையில் கம்பு டப்பா.
குலுக்கிக் குலுக்கி
மணிக்கட்டு ஓய்ந்திருந்தது.
"ஜோலார்பேட்டையில் திறந்துவிட்டாலும்
ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள்,
நேற்றிலிருந்து காணோம்.
நீங்க பார்த்தீங்களா?"

இடுப்புச் சுருக்கிலிருந்து வளையத்தை எடுத்துக் கொடுத்தேன்.
மண்ணுக்குள் இருந்த பச்சையைப் பற்றி
வாயே திறக்கவில்லை.
வாய்வரை வந்தது உண்மை.

அவர் எண்ணைப் படித்தார்.
விரலால் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.
பிறகு அண்ணாந்து
கிழிசல் வழியே வானத்தைப் பார்த்தார்,
ரொம்ப நேரம்,
இறங்க இன்னும் ஒருத்தி
பாக்கி இருப்பதுபோல.

போகும்போது
மிஞ்சிய செடிகளை மிதித்துவிடாமல்
ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துப் போனார்.